இரண்டு குறி விழுந்த திரைச்சீலை

1987ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு இருபது. கிள்ளானில் நான் வழக்கமாகப் போகும் டோபி கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் திரைச்சீலைதான். இஸ்திரி மேசைமேல் குப்புறக் கிடந்தது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணிக்கு ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்து அதன் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஆறு நாள் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியர் வேலை. மிச்ச நேரத்தில் பழைய துணி வாங்கி விற்பேன். பழைய துணி என்றதும் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். நான் தேடியது வேறு வகை. ஐம்பது அறுபதுகளில் பெயர்பெற்ற ஓவியர்கள் வரைந்து அச்சான திரைச்சீலைகள், மேசைவிரிப்புகள், கவுன்கள். துணியின் ஓரத்தில் வரைந்தவர் பெயர் பொடி எழுத்தில் ஓடும். தோட்டத்துத் துரைமார் நாடு திரும்பியபோது விட்டுப்போன பங்களாச் சாமான்களோடு இவை பழைய சாமான் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தன.

இந்தத் திரை ஜோடியைக் கிள்ளானில் அப்படி ஒரு கடையில்தான் வாங்கினேன். கடுகு நிறத் தரை. அதன்மேல் பேனாவால் கீறியதுபோல் சாம்பல் நிறத் தண்டுகள், நுனியில் செங்கல் நிற அரைவட்டங்கள். முப்பது வயதான துணி. சாயம் அவ்வளவாக மங்கவில்லை. ஒரு வியாபாரியின் வீட்டை இடித்தபோது கற்பூரமரப் பெட்டியின் அடியில் கிடைத்தது, அந்த வீட்டு ஜன்னலில் ஒரு நாள்கூடத் தொங்கியதாகத் தெரியவில்லை என்றார் விற்றவர்.

ஒரே குறை, மூலையில் இருந்த டோபி குறி. எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் தெரிவதற்காகச் சலவைக்காரர்கள் இடும் குறி அது. கறுப்பு மையில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. அன்று பதினொரு மணிக்கு, வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்யும் பங்சார் பெண்மணி ஒருவர் என் வீட்டுக்கு வந்து இந்த ஜோடியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. குறி போயிருக்க வேண்டும், போகாவிட்டால் மூலையை வெட்டி மடித்துத் தைத்திருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. வெள்ளிக்கிழமை மாலை துணியைக் கொடுத்தபோது கடையில் கடைக்காரரின் மனைவி மட்டும் இருந்தார்.

"என்ன அண்ணே, போகுமா?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "இது சேராங்கொட்டை மை தங்கச்சி. துணி கிழிஞ்சி போனாலும் இது போவாது."

"அப்போ வெட்டிடலாம்லா. கத்திரி குடுங்க."

அவர் கத்திரியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு அடிமடிப்பைப் பிரித்து, எதிர் மூலையைத் திருப்பிக் காட்டினார். அங்கே நான் பார்த்திராத இன்னொரு குறி. ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. இரண்டாவது திரையிலும் அப்படியே.

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் குறிகள், எதிரே வீடுகளின் பெயர்கள். இரண்டு கோடும் புள்ளியும் அந்த வியாபாரியின் வீடு. வட்டமும் கோடும் கேரி தீவில் ஒரு தோட்டத்துத் துரை பங்களா. துணியில் வட்டம்தான் முதலில் விழுந்த குறி.

விஷயத்தை அவரே சொன்னார். பதினேழு வருடங்களுக்கு முன், இரண்டு வீட்டு மூட்டைகளும் ஒரே லோரியில் வந்திருக்கின்றன. பங்களாவின் திரைகள் வியாபாரி வீட்டு மூட்டையில் கலந்துவிட்டன. மடிப்புக்குள் பழைய குறி இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல், புதுத் துணி என்று நினைத்து இவர் வியாபாரியின் குறியைப் போட்டு அந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அவர்கள் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். பங்களாவில் திரை குறைந்தது. அங்கே வீட்டு வேலை செய்த பெண் இந்தக் கடைக்கு வந்து விசாரித்திருக்கிறார்.

"வந்துச்சு தங்கச்சி. இதே எடத்துல நின்னு அழுதுச்சு. எல்லாம் சரியா அனுப்பியாச்சின்னு நான்தான் அடிச்சி சொன்னேன்."

அந்தப் பெண்ணைத் திருடி என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுத் தேடினார்கள். இப்போது காப்பாரில் மகள் வீட்டில் இருக்கிறார். கோயில் திருவிழாவில் இவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "இப்ப போயி ஏன்யா கெளறுறே? அந்த தொர போயாச்சு, அந்த வீடும் ஒடச்சாச்சு. கடை பேரு கெடணுமா?"

"கெடட்டும்லா. அந்தப் பொண்ணு பேரு பதினேழு வருசமா கெட்டுத்தானே கெடக்கு."

சட்டையை மாட்டிக்கொண்டார். கல்யாண வீட்டுத் துணி ஒரு மூட்டை காத்திருந்தது, அதை மனைவியிடம் விட்டுவிட்டு, "தங்கச்சி, காடி இருக்குல்ல? காப்பாருக்குப் போவணும்" என்று என் காரைக் கேட்டார். நான் கடைத் தொலைபேசியில் பங்சார் பெண்மணியைக் கூப்பிட்டு, இன்றைக்கு இல்லை, துணியை வெட்டவும் போவதில்லை என்றேன். அப்படியானால் தனக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

காப்பாரில் அந்தம்மா வாசல் பக்கக் குழாயடியில் மீன் அலசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கடைக்காரரைப் பார்த்ததும் எழவில்லை. இவர் வாசலிலேயே நின்று, திரையை விரித்து, இரண்டு குறியையும் காட்டி, நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "தப்பு என்னோடது. ஒன்னோடது இல்ல." மகளும் மருமகனும் கதவருகே வந்து நின்றார்கள். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகளுக்கு இந்தக் கதையே அன்றுதான் தெரியும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "ஊரு அழுக்கெல்லாம் கண்ணுல படும், ஒங்க கையால போட்ட குறி கண்ணுல படலியா அண்ணே?" என்றார். குரல் உயரவில்லை.

பிறகு துணியை மடித்துக் கடைக்காரர் கையில் கொடுத்தார். "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். எங்க அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

அவருடைய அண்ணன் அதே பங்களாவில் துரைக்குக் கார் ஓட்டியவர். தங்கைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அந்தப் பழிக்குப் பிறகு தங்கை வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. மகளின் கல்யாணமும் தாய்மாமன் இல்லாமலே நடந்தது.

உடனே கேரி தீவுக்குப் போனோம். வழியெல்லாம் செம்பனைத் தோட்டங்கள். கடைக்காரர் காரில் நோட்டுப் புத்தகத்தை மடியிலேயே வைத்திருந்தார். அண்ணன் ஓய்வு பெற்று, அதே தோட்டத்தில் மகனோடு இருந்தார். வீட்டுக்குள் வந்து உட்காருங்கள் என்றார். கடைக்காரர் மறுத்துவிட்டார். லயத்தின் நடுவே நின்று, "பழைய ஆளுங்க இருந்தா கூப்பிடுங்க" என்றார். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சாமான்களை வெளியே போட்ட நாளைப் பார்த்தவர்கள் அவர்களில் மூன்று பேர். அத்தனை பேர் முன்பும், காப்பாரில் சொன்னதையே ஒரு சொல் குறைக்காமல் திரும்பச் சொன்னார். மடிப்பைப் பிரித்துப் பார்க்கவில்லை என்றார், பொய் சொன்னேன் என்றார். வியாபாரி வீட்டார்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் நாங்களும் திருத்தம் போடுவோம். உள்பக்கத்தின் அடியில், விளம்பரத்துக்கு மேலே, பொடி எழுத்தில். பிழை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்ததாக இருந்தாலும் திருத்தம் அங்கேதான் போகும். அப்படிப்பட்ட பல திருத்தங்களை நானே எழுதியிருக்கிறேன். அன்று அந்த வெயிலில் நின்றபோது அவற்றில் இரண்டு மூன்று நினைவுக்கு வந்தன. பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. ஆசிரியரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

அண்ணன் திரையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு குறியும் ஒன் கைதானா?"

"என் கைதான்."

துணியை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்ப வரவில்லை. நாங்கள் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டோம். வண்டியில் ஏறும்போது கடைக்காரர், "இன்னும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல தங்கச்சி" என்றார்.

அந்தத் திரைகளை விற்குமுன் காப்பார் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு பகல் ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கூடுதலாகக் கிடந்தது. கூடத்தில், தரையில், இலைக்கு முன்னால் அண்ணன் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.