மாஞ்சோலைக்குப் போன ஒயர்

வெயிலில் கிடந்த ஒயரைக் கையில் எடுத்தால் ஒரு வாடை அடிக்கும்; சூடான ரப்பரும் புழுதியும் கல்யாண வீட்டுச் சாம்பாரும் கலந்த அந்த வாடை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுளிப்பாள். எங்கள் அப்பா சேரன்மகாதேவியில் "ரேடியோ செட்" வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா என்று ஸ்பீக்கர் பாக்ஸ்களையும் மிக்சரையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். திரும்பி வந்ததும் ஒயர்களைத் துடைத்துச் சுற்றிவைப்பது எனக்கும் என் தங்கை இசக்கிக்கும் விட்ட வேலை. இசக்கி அதை நன்றாகச் செய்தாள். நான் சொல்லப்போகிற துயரம் மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஒயரை முழங்கையில் கொடிக்கயிறு மாதிரிச் சுற்றுவது அப்பாவுக்கு ஆகவே ஆகாது. அப்படிச் சுற்றினால் உள்ளே முறுக்கேறி, அடுத்த தடவை விரிக்கும்போது சுருண்டு சுருண்டு நிற்கும். "ஒண்ணு நேர், ஒண்ணு மறி" என்பது அவர் முறை. ஒரு வளையத்தைச் சாதாரணமாக விட்டு, அடுத்ததை மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி விடவேண்டும். அப்படிச் சுற்றிய ஒயரின் நுனியைப் பிடித்து வீசினால் மேடையிலிருந்து மிக்சர் வரைக்கும் கோடு போட்டாற்போல் ஓடும். என்னைவிட இரண்டு வயது சின்னவள், பதினோரு வயதுக்காரி, அதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். என் வளையங்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்தன. என்னிடம் "பையட்டி, பைய" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவளிடம் ஒன்றுமே சொல்லாமல் வாங்கி ஆணியில் மாட்டிவிடுவார். அந்த ஒன்றும் சொல்லாததுக்கு எனக்கு வயிறு எரிந்தது. அவள் கையில் ஒரு சிலந்திக்கட்டி வரட்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கூடப் பார்த்தேன்.

அப்பாவின் முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. சுற்றி முடித்த வளையத்துக்குள் நுனி ஒரே ஒரு தரம் நுழைந்துவிட்டால் போதும், பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் இழுக்க இழுக்க வரிசையாக முடிச்சு விழும். ஒரு தடவை என் ஒயரில் அப்படி ஆகிவிட்டது. "நுனி உள்ள பூந்துட்டுட்டி" என்று அப்பா சிரித்தார், இசக்கியும் சிரித்தாள். அப்பா சிரித்ததை மறந்துவிட்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் மலைமேல் இருக்கிற மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் அம்மன் கொடைக்கு அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். மணிமுத்தாறுக்கு மேலே நாங்கள் யாரும் போனதில்லை. வண்டியில் டிரைவருக்கும் அப்பாவுக்கும் நடுவே ஓர் ஆள்தான் உட்கார முடியும். மூத்தவள் என்பதால் அது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து, பச்சைப் பாவாடையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "இசக்கி வரட்டும். மேல போயி ஒயரு சிக்குச்சுன்னா நமக்கு ஆளு கெடையாது" என்றார்.

மறுநாள் விடியற்காலையில், வண்டியில் சாமான் ஏற்றுவதற்கு முன், ஆணியிலிருந்து நீள மைக் ஒயரை இறக்கி, அவள் அத்தனை அழகாகச் சுற்றியிருந்த வளையத்துக்குள் நுனியை விட்டு வெளியே எடுத்து, பழையபடி கட்டி மாட்டினேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் யாரோ ஓர் எஸ்டேட்டு அம்மா போட்டுவிட்ட சிவப்பு ஸ்வெட்டரோடு, நடுவெயிலில், கழற்றாமல் வந்து இறங்கினாள். வில்லுப்பாட்டுக்காரர்கள் வில்லோடு உட்கார்ந்து காத்திருக்க, ஒயரில் முடிச்சாக விழுந்ததாம். இவள் மேடையிலேயே சம்மணம் போட்டு அத்தனையையும் அவிழ்த்தாளாம். பாட்டுக்காரர் அவள் பெயரை மைக்கிலேயே சொல்லிப் பாராட்டினாராம். "பதினாறு முடிச்சு. ஒண்ணக்கூட வெட்டி இழுக்கல, பைய பைய அவுத்துட்டா" என்று அப்பா அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார். அவளுக்குக் குழி வெட்டப் போய் நானே மேடை கட்டிக் கொடுத்திருந்தேன். அதன்பிறகு அந்த நடு இருக்கை அவளுடையதாகவே ஆகிவிட்டது.

இப்போது மைக்குக்கு ஒயரே கிடையாது. எஸ்டேட்டை மூடியதில் மாஞ்சோலைக் குடும்பங்களும் மலையைவிட்டு இறங்கிவிட்டன. கொடைக்கு ஆள் கூடிய அந்த எஸ்டேட்டை நான் பார்க்கவே இல்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை, அவள் பார்த்துவிட்டாள். அப்பா போன வருஷம் தவறிப்போனார். போன மாதம் அவருடைய அறையை ஒழிக்க இருவரும் உட்கார்ந்தோம். யாருக்கோ கொடுத்துவிடப்போகிற பழைய ஒயரைக்கூட நேர், மறி என்று சுற்றிக்கொண்டே இசக்கி தன் மகளிடம் அந்தப் பதினாறு முடிச்சுக் கதையை ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அது நாந்தாம்ட்டி பண்ணேன். நுனிய நாந்தான் உள்ள விட்டேன்" என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது. "இல்லியே. அப்பால்லா விட்டாவ" என்றாள். மேடையில் அவள் அழுதுகொண்டே அவிழ்த்தபோது அப்பா குனிந்து, "அழாதட்டி, ஏத்தும்போது நாந்தான் நுனிய உள்ள விட்டுட்டேன்" என்று சொன்னாராம். "அதச் சொல்லிச் சொல்லியே சாகுத வரைக்கும் அவுகள கேலி பண்ணிருக்கேன். ஒருநாளும் வாயத் தொறக்கலையே."

அப்பா கையால் அப்படி ஒரு பிழை நடக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பார்த்தவுடன் யார் வேலை என்று அவருக்கு விளங்கியிருக்கும். இசக்கி ஒயரைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட பார்வை அது, இத்தனை வருஷம் நான் அவளைப் பார்த்த பார்வை.

"ஒன்னக் காட்டிக்குடுக்காம பொய் சொல்லிருக்காவ. எனக்குன்னு ஒரு பொய் சொல்லிருக்காவளாக்கா அவுக?" என்றாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தக் கேள்வியை அவள் இன்னொரு தரம் கேட்டால் தேவலை என்றிருந்தது.