மருதாணிக்குப் போட்ட பனியன்

ரஹ்மத்துன்னிசா செடி வளர்த்தாள் என்பதைவிட, செடிகளோடு சண்டை போட்டாள் என்று சொன்னால் வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். வாசல் முழுக்க சிமெண்ட். மண் என்று பார்த்தால் அவள் டின்களில்தான் பார்க்கவேண்டும். டால்டா டின்னில் மிளகாய், காது போன குண்டாவில் தக்காளி, விரிசல் பானையில் புதினா. பிளீச்சிங் பவுடர் வந்த பெரிய டிரம்மில் மருதாணி. காரம் போகவேண்டும் என்று அந்த டிரம்மை ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே போட்டுவைத்து, பிறகுதான் மண் நிரப்பினாள்.

அந்த மருதாணி, இறந்துபோன அவள் அம்மா வைத்திருந்த செடியிலிருந்து ஒடித்து நட்ட குச்சி. தங்கை ஜஹானாராவுக்கு நிக்காஹ் வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் இந்தச் செடியின் இலையை அரைத்துத்தான் மணப்பெண் கையில் வைப்பது என்று ரஹ்மத்துன்னிசா எப்போதோ முடிவுகட்டிவிட்டாள். அதற்காகப் பெருநாளுக்குக்கூட யாருக்கும் ஒரு இலை கொடுக்கவில்லை. லைனில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம், நான் உட்பட.

எழுபத்திரண்டாம் வருஷத்து அக்னி நட்சத்திரம் அது. நிக்காஹுக்கு முந்தின நாள் விடிந்தும் விடியாமல் குழாயில் தண்ணீர் பிடித்தாள். கோழி புதினாவைக் கிளறியிருந்தது. கோழியைத் திட்டினாள், கோழிக்காரியைத் திட்டினாள், புதினாவையும் சேர்த்துத் திட்டினாள். வெயில் ஏறியதும் டின்களை ஒவ்வொன்றாகச் சுவரோரம் இழுத்தாள். நிழல் நகர்ந்தது, மறுபடி இழுத்தாள். டிரம்மை மட்டும் அசைக்க முடியவில்லை. அரிசி கழுவிய தண்ணீரோடு வந்தபோது, பக்கத்து வீட்டு ஆயம்மாள் மருதாணியைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஆயம்மா, கேட்டுப் பறிக்கோணும்னு தெரியாதா?"

"கேட்டா குடுக்க மாட்டீங்கக்கா. பனியன் கம்பெனில நாள் முச்சூடும் நின்னுட்டே துணி தேய்க்கறனுங்க. உள்ளங்கால் தீயாட்ட எரியுது. சூட்டுக்கு அரைச்சு வெக்கலாம்னுதானுங்க."

"உன்ற காலுக்கா எங்கம்மா செடிய நட்டேன்? திருட்டுக் கை."

கடைசி வார்த்தை அதிகம். ஆயம்மாள் பறித்த இலையோடு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் தங்கையை அழைத்துவர அனுப்பர்பாளையம் கிளம்பும்போது, சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவன் கியாசுதீனிடம், "மருதாணி வாடாம பாத்துக்கங்க" என்றாள். அவர் துணி வெளுக்கிற பிளீச்சிங் பட்டறைக்காரர். சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போகிற மனிதர் இல்லை, அதற்கு மேலும் ஏதாவது செய்துவைப்பார்.

தங்கையோடு திரும்பி வந்து பார்த்தால் செடி பனியன் போட்டுக்கொண்டு நிற்கிறது. பின்னலாடைத் துணி குழாயாகத்தானே வரும். பட்டறையில் கழித்துப் போட்ட ஈரத்துணியைக் கொண்டுவந்து, தலைவழியாக மாட்டி, அடியில் சணல் கயிறும் கட்டியிருந்தார்.

"பாத்தியா, சில்லுனு நிக்குது" என்றார்.

ரஹ்மத்துன்னிசா துணியை மோந்து பார்த்தாள். "இது அலசின துணிங்களா?"

கியாசுதீன் யோசித்தார். அவர் யோசித்தபோதே எங்களுக்குப் பதில் தெரிந்துவிட்டது. கயிற்றை அறுத்துத் துணியை உருவினாள். இலையெல்லாம் வெளுத்துச் சுருண்டு, தொட்டால் உதிர்ந்தது.

"டிரம்ம ஒரு மழைக்காலம் முச்சூடும் வெளில போட்டுவெச்சனே, அதெதுக்குனு நெனச்சீங்க? உங்ககிட்ட சொன்ன என்னச் சொல்லோணும்."

"கடைல மருதாணிப் பொடி விக்குது, வாங்கிட்டு..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜஹானாரா, "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள். பரவாயில்லை என்றால் ஏன் அழவேண்டும் என்று அவளுக்கும் திட்டு விழுந்தது.

அப்போதுதான் ஆயம்மாள் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். காலையில் பறித்த இலை, நைசாக அரைத்தது.

"இன்னும் கால்ல வெக்கலீங்கக்கா. உங்கம்மா செடிதானுங்க, புள்ள கைக்கு வெய்ங்க."

"உன்ற கால்?"

"அது எரியறது புதுசுங்களா?"

ரஹ்மத்துன்னிசா கிண்ணத்தை வாங்கி, தங்கையின் உள்ளங்கையில் வட்டமாக வைத்து, விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்டாள். இரண்டு கைக்கும் சரியாக இருந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜஹானாரா, "அக்கா, நீயும் விரல்ல வெச்சுக்க" என்றாள்.

ரஹ்மத்துன்னிசா கிண்ணத்தை நன்றாக வழித்துக்கொண்டு ஆயம்மாளின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"காலக் குடு."

"ஐயோ, வேண்டாங்கக்கா. நீங்க போயி என்ற கால..."

"குடுங்கறேன்ல. காலைலருந்து ஒருத்தரும் சொன்ன பேச்சக் கேக்கறதில்ல இந்த லைன்ல" என்று திட்டிக்கொண்டே, அந்த எரிகிற பாதத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.