பதுங்கிக்கு இரும்பு ஆகாது

தகரத்தை அடுப்புச் சாம்பலும் பிழிந்த தேசிக்காய்த் தோலும் போட்டுத் தேய்க்கும்போது, புளிப்பும் இரும்பும் கலந்த ஒரு மணம் விரல்களில் ஏறும். சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது, சோற்றைப் பிசையும்போதுகூட மூக்கில் வந்து நிற்கும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த காலத்தில் சனிக்கிழமைகளில் என் கைகள் அப்படித்தான் மணத்தன. பிஸ்கற் தகரங்களை வெட்டி விரித்து, தட்டி நிமிர்த்தி, கயிறு கோத்துச் செய்த ஒரு மார்புக் கவசமும் தோள்மூடிகளும் தலைக்கு ஒரு குல்லாவும் இருந்தன. அவற்றைப் பளபளவென்று தேய்த்து வேலியில் காயப்போடுவது என் வேலை, எடுத்து அணிந்துகொள்வது மற்றவர்களின் வேலை. அதில் எனக்கு அப்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஏனென்றால் நான் "பதுங்கி". பதுங்கிக்கு இரும்பு ஆகாது.

நாங்கள் உருத்திரபுரத்துக்கு வந்தது எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது குளிரும், அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது என் கன்னத்தில் ஒட்டிய அவளுடைய வியர்வையும்தான். வன்னியில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் காடு வெட்டிய ஒரு மேட்டுத் துண்டில் குடிசை போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்து வயல்களுக்கு அப்பா கூலிக்குப் போனார். அந்த வயல்கள் வதனி வீட்டாருடையவை. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்து, நன்றாக விளைவித்து, கல்வீடு கட்டிய குடும்பம். வதனி என் வகுப்பு, என் வாங்கில் பக்கத்தில் இருப்பவள், என் ஒரே சிநேகிதி. வேலைக்காரர் எல்லோரும் "அம்மா" என்று அழைக்கும் அவளுடைய தாயார், "என்னை அம்மா எண்டு கூப்பிட வேண்டாம் பிள்ளை, அன்ரி எண்டே சொல்லு" என்று சொன்ன நாளில் நான் வாய்க்கால் கட்டு முழுவதும் ஓடியே வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

எண்பத்து மூன்றில் கொழும்பில் வீடுகள் எரிந்தபோது, அன்ரியின் தங்கை மகன் ரமேஷ் அகதிக் கப்பலில் ஏற்றப்பட்டு, பிறகு பஸ் மாறி வதனி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவன். வந்த புதிதில் யாருடனும் பேசமாட்டான். கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருப்பான். அவனைப் பேசவைத்தது ஒரு விளையாட்டுத்தான். அவனுடைய பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவனுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த விளையாட்டாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக மாறி, குகைக்குள்ளும் கோட்டைக்குள்ளும் போகவேண்டும். எது நடக்கும் என்பதை உருளும் பகடை தீர்மானிக்கும். "புத்தகம் வீட்டோடை எரிஞ்சு போச்சு. ஆனா சட்டமெல்லாம் தலைக்குள்ளை கிடக்கு" என்றான். பகடைக்குப் பதிலாகப் பாதி தேய்த்த புளியங்கொட்டைகளைத் தகரப் பேணியில் குலுக்கினோம். கதையை வாயால் மட்டும் நடத்தாமல், உண்மையாகவே கவசம் போட்டு, வைக்கோல் போர்களைக் கோட்டையாக்கி, வாய்க்கால் கரை மருத மரங்களைக் காடாக்கி நடித்தது எங்கள் சொந்தச் சேர்க்கை.

வதனியின் அண்ணன் சிவா போர்வீரன். வதனி மந்திரக்காரி. என் பாத்திரத்துக்குப் புத்தகத்தில் இருந்த பெயர் கள்ளன் என்று ரமேஷ் சொன்னபோது என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்; பள்ளிக்கூடத்தில் எது காணாமல் போனாலும் முதலில் திறந்து பார்ப்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பைகளைத்தான். உடனே அவன், "அப்ப பதுங்கி எண்டு வைப்பம்" என்றான். "நீர்தான் எல்லாருக்கும் முதல் உள்ளை போற ஆள். உம்மை ஒருத்தரும் காணமாட்டினம்." என்னை "நீர்" என்று மரியாதையாகக் கூப்பிட்ட முதல் மனிதன் அவன்.

கவசங்களை முறைவைத்து மாற்றி மாற்றிப் போடுவார்கள். சிவா களைத்தால் வதனி, வதனி களைத்தால் ரமேஷ். எனக்கும் ஒருமுறை போட்டுப் பார்க்க ஆசை வந்து கையை நீட்டியபோது, அன்ரி குசினி வாசலில் நின்று, "ரமேஷ், இஞ்சை ஒருக்கா வாரும்" என்று கூப்பிட்டார். அவன் போய்விட்டுத் திரும்பிவந்து, தரையைப் பார்த்தபடி அந்தச் சட்டத்தைச் சொன்னான்: "பதுங்கிக்கு இரும்பு ஆகாது, லோகா. சத்தம் போடும். சத்தம் வந்தா காவல்காரன் கண்டிடுவான். உம்முடைய பலமே சத்தமில்லாமல் நடக்கிறதுதான்."

அதை நான் எப்படி நம்பினேன் என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. நம்பியது மட்டுமல்ல, அதை என் பெருமையாக ஆக்கிக்கொண்டேன். காய்ந்த மருதஞ் சருகின் மேல் குதிக்காலை ஊன்றாமல் நடக்கப் பழகினேன். இரும்பு ஆகாதென்றால் வெள்ளியும் ஆகாது என்று நானே முடிவுசெய்து, தோட்டத்திலிருந்து ஓடிவந்தபோதும் அம்மா கைவிடாமல் கொண்டுவந்த கொலுசைக் கழற்றிப் புத்தகப் பைக்குள் வைத்தேன். சிவா தன் தகரத்தைச் சலசலவென்று ஆட்டிக்கொண்டு கோட்டையை நெருங்குவதற்குள், நான் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்ப் புதையலை எடுத்துவிடுவேன். "லோகாவைப் போல ஒருத்தருக்கும் ஏலாது" என்று வதனி என் தோளைப் பிடித்துக் குதிப்பாள். வெறும் பருத்திச் சட்டையோடு அந்தக் கவசக்காரர்களுக்கு நடுவில் நிற்கும்போது, நான்தான் அவர்களுக்கு மேல் என்று நினைத்தேன்.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் ரமேஷ், பழுதாகிப்போன உழவு இயந்திர ரியூப் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தான். "புத்தகத்திலை பதுங்கிக்குத் தோல் கவசம் போடலாம் எண்டு இருக்கு. ரப்பரும் சத்தம் போடாதுதானே. உமக்குத்தான் செய்யிறன்" என்று சொல்லி, ஒரு நூலால் என் தோளையும் இடுப்பையும் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து நான் அந்தக் கறுப்புக் கவசத்தைக் கனவில்கூடப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அடுத்த சனிக்கிழமை கேட்டேன். "நான் பிழையாய் ஞாபகம் வச்சிட்டன். பதுங்கிக்கு ஒரு கவசமும் இல்லை" என்றான். நான் அதையும் நம்பினேன். எரிந்துபோன புத்தகம்; யாருக்குத்தான் எல்லாம் சரியாக ஞாபகம் இருக்கும்?

சித்திரை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கீதா என்ற சொந்தக்காரப் பெண் வந்தாள். நான் வழக்கம்போலத் தகரங்களைத் தேய்த்து வேலியில் போட்டுவிட்டு மருத மரத்தடிக்குப் போனால், அவள் கறுத்த ரப்பர்க் கவசத்தோடு நிற்கிறாள். அவள் என்னைவிடப் பருத்தவள். இடுப்பில் வாரைப் பூட்ட முடியாமல் வதனி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குக் கீதாதான் பதுங்கி. நீ இருந்து பார், என்ன?" என்றாள் வதனி.

நான் ரமேஷைப் பார்த்து, "பதுங்கிக்குக் கவசமே இல்லை எண்டு சொன்னீங்களே அண்ணா?" என்று கேட்டேன். அவன் பேணியைக் குலுக்கிக்கொண்டே இருந்தான். பொய் சொல்லத் தெரியாத சிவாதான் வாயைத் திறந்தான். "அது சட்டமில்லை லோகா. நீ போட்டதை நாங்கள் பிறகு மேலிலை போடக்கூடாது எண்டு அம்மா..."

"வாயை மூடு சிவா!" என்று வதனி கத்தினாள். "லோகாவுக்குச் சொல்லக்கூடாது எண்டு அம்மா சொன்னவாவெல்லே!"

அப்படியானால் அவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். என் தோளைப் பிடித்துக் குதித்த ஒவ்வொரு முறையும் தெரியும்.

எனக்கு அழுகை வரவில்லை. நேரே வேலிக்குப் போனேன். வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த மார்புக் கவசத்தை எடுத்துத் தலைவழியாகப் போட்டேன், குல்லாவையும் வைத்தேன். நான் நினைத்ததைவிடப் பாரம். விளிம்பு கழுத்தெலும்பைக் கீறியது. ஒவ்வோர் அடிக்கும் தகரம் தகரத்தில் மோதி அந்த வளவே அதிர்ந்தது. சுளகும் கையுமாக நின்ற அன்ரியைக் கடந்து, படலையைத் திறந்து, வாய்க்கால் கட்டு வழியே நடந்தேன். வேண்டுமென்றே காலை ஓங்கி ஓங்கி வைத்தேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். பின்னால் ஒருவரும் வரவில்லை.

பின்னேரம் அப்பா அதைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனார். அன்ரி படலைக்கு இப்பால் வரவில்லை. "வேண்டாம் கணேசன். பிள்ளை ஆசைப்பட்டிட்டுது. நீங்களே வச்சிருங்கோ" என்றார், மிகவும் அன்பான குரலில். அப்பா, "சரிங்கம்மா" என்று குனிந்து சாக்கை எடுத்தார். வாய்க்கால் கட்டில் ஏறினோம். பிறகு, "இனிமே அங்க வெளையாடப் போவாதம்மா" என்றார். அந்தத் தகரம் எங்கள் கோழிக்கூட்டில் மரநாய் பிய்த்த ஓட்டையை அடைக்க உதவியது. மறுநாள் காலையில் அப்பா அதே வயலுக்குத்தான் வேலைக்குப் போனார். வேறு வயல் எங்களுக்கு இல்லை.

ரமேஷ் வெளிநாடு போவதற்கு முன் ஒருநாள், நான் தண்ணீர் அள்ளும் இடத்தில் வந்து நின்றான். "நான் சொன்னது முழுக்கப் பொய்யில்லை லோகா. பதுங்கிக்கு இரும்பு கூடாது எண்டது புத்தகத்திலை உண்மையாவே இருந்தது."

"தோல்?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். "தோல் போடலாம். அன்ரிதான் அப்பிடிச் சொல்லச் சொல்லிக் கேட்டவா. நானும் அவையின்ரை வீட்டிலைதானே இருக்கிறன், என்ன செய்ய?"

அவனும் துரத்தப்பட்டு வந்தவன்தான். அதனால்தான் அவன்மீது கோபம் இன்னும் கூடியது. போடக்கூடாது என்று அன்ரி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், அப்பா அம்மாவைப் போல நானும் அதைத் தாங்கப் பழகியிருப்பேன். அவர்கள் எனக்கு ஒரு காரணத்தை அழகாகச் செய்து தந்து, அதில் என்னைப் பெருமைப்படவும் வைத்துவிட்டார்கள்.

இன்று உருத்திரபுரத்தில் வதனி வீடு இல்லை. செடி மூடிய அத்திவாரம் மட்டும் கிடக்கிறது. மருத மரங்கள் போர்க்காலத்தில் பங்கர்களை மூடத் தறிக்கப்பட்டன. வைக்கோல் போர் போடும் வழக்கமே போய், இயந்திரம் அறுத்து வயலிலேயே விட்டுவிடுகிறது. அப்பாவும் அன்ரியும் இல்லை. நான் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கற்பிக்கிறேன். போன வருடம் வதனி கனடாவிலிருந்து மகளோடு வந்து என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனாள். அத்திவாரத்தில் ஏறி நின்று கைப்பேசியில் படம் எடுத்தபடி மகளுக்குச் சொன்னாள்: "இஞ்சைதான் நாங்கள் விளையாடுறது. இப்பத்தையப் போல இல்லை, ஒரு வித்தியாசமும் பாக்கிறதில்லை. எல்லாரும் ஒண்டுதான்."

"வதனி, அந்த ரியூப் கவசத்துக்கு அளவெடுத்தது எனக்கு" என்றேன்.

கைப்பேசியைத் தாழ்த்தினாள். எந்தக் கவசம் என்று அவள் கேட்டிருந்தால், மறந்துபோய்விட்டாள் என்று மன்னித்திருப்பேன்.

"உனக்கு இன்னும் அது ஞாபகமோ?" என்று கேட்டாள்.

"என்ன கவசம் அம்மா?" என்றாள் மகள்.

"ஒண்டுமில்லை, வாரும். வெயில் ஏறுது" என்று வதனி நாங்கள் வந்த வான் வண்டியை நோக்கி நடந்தாள். அந்தப் பிள்ளை போகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது. நான் அத்திவாரத்தில் உட்கார்ந்து, வதனிக்கும் கேட்கும்படியாகவே, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.