கவுச்சி இல்லாத ஒரு வாய்

மசக்கை எல்லாருக்கும்தான் வரும். மீன் பிடிக்கிறவன் பெண்டாட்டிக்கு மீன் கவுச்சி ஆகாது என்று வந்தால் அவள் எங்கே போவாள்? ஏரிக்கு அக்கரையில் எங்கள் குப்பம். அங்கே காற்றுக்கே கவுச்சி. தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என் மனைவிக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்ச் சுருண்டு கிடந்தாள். 

"பட்டணத்துல கவுச்சி இல்லாத தீனி எதுனா வாங்கினு வா மாமா," என்றாள் ஒருநாள்.

எங்களுக்குப் பட்டணம் என்றால் பழவேற்காடுதான். உலாந்தாக்காரன் என்கிற டச்சுக்காரன் கோட்டையும் கப்பல் சரக்குமாக அப்போது அது ஜேஜே என்று இருக்கும். பயத்தமாவும் சீயக்காயும் போட்டு உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டுப் படகேறினேன்.

கடைத்தெருவில் எதையும் சும்மா வாங்கிவிட முடியுமா? கவுச்சி இருக்கிறதா என்று தின்று பார்க்க வேண்டாமா? பெண்டாட்டிக்காகத்தான். ஆப்பம் மூன்று தின்றேன். பக்கத்து அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது, ஆகாது. அதிரசம் நான்கு தின்றேன். எண்ணெயில்தான் சந்தேகம்.

"இன்னா நைனா, வாங்க வந்தியா, வவுத்த ரொப்ப வந்தியா?" என்றாள் அதிரசக்காரி.

அடுத்து ஒரு பாய் கடையில் தொதல். தேங்காய்ப்பாலும் வெல்லமும் கிண்டியது, நாக்கிலேயே கரைந்தது. அடடா! ஆனால் அவளுடைய காய்ந்த வயிறு தாங்குமோ என்று பயந்து, அதையும் நானே தின்று தீர்த்தேன்.

கடைசியில் கோட்டை வாசலில் சுடச்சுட ரொட்டி கிடைத்தது. இலவங்க வாசனை, கவுச்சி துளியும் இல்லை. வாழை இலையில் சுற்றி வாங்கினேன்.

திரும்பும் படகு நிறையக் கருவாட்டுக் கூடை. வழி முழுக்க ரொட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.

"இன்னாய்யா, சாமி ஊர்வலமா?" என்று படகுக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும், அவன் பெண்டாட்டியா பட்டினி கிடக்கிறாள்?

வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்படியில் உட்கார்ந்து சுட்ட கருவாட்டைக் கடித்துக்கொண்டு பழைய சோற்றை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள் மகராசி.

"திடீர்னு ஆசையாப் பூட்ச்சு மாமா. ரெண்டாவது சட்டி. உள்ளயே நிக்குது!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை சந்தோஷம். ரொட்டியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயே, தள்ளிப் போ! உம்மேல அடிக்கிற இலவங்க வாடை கொடலப் பெரட்டுது. போய் வலைமேல நல்லாப் பொரண்டுட்டு வா."

வேறென்ன செய்வது? போய்ப் புரண்டுவிட்டுத்தான் வந்தேன்.