காதல் காட்சியில் ஓடிய கால்

மூணாங் கிளாசோடு நின்றவன் நான். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது என் பிள்ளைகளைச் சேர்க்கத்தான். அப்படிப்பட்டவன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருபத்திரண்டு தறி போட்டேன். கூரை வீட்டைப் பிரித்து மாடி வீடு கட்டினேன். சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்தேன். வாலாஜாபாத் பக்கம் பாலாற்றுத் தண்ணீர் பாய்கிற நிலம் வாங்கினேன். நெசவாளர் சங்கத்தில் மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இதையெல்லாம் ஊரே ஒப்புக்கொள்ளும். இன்னொன்றும் செய்தேன், அதை மட்டும் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். ஒரு சினிமாவின் காதல் காட்சியைக் காப்பாற்றியவன் நான். படத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆளுக்கொரு கதை கிளப்புவார்கள்.

எங்கள் தறிக்கார ஜனம் காதல் படம் பார்க்கிற விதமே தனி. கதாநாயகன் உருகி உருகிப் பேசிக்கொண்டிருப்பான். கொட்டகையில் பாதிப் பேர் அவன் பக்கமே திரும்ப மாட்டார்கள், கதாநாயகி புடவையின் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பாட்டில் அவள் மரத்துக்கு இந்தப் பக்கம் வரும்போது கோபுரக் கரை. சுற்றி அந்தப் பக்கம் போனால் வெறும் பட்டைக் கரை. "புடவைய மாத்திட்டாங்கபா" என்று முன் வரிசையில் ஒரு குரல் எழும்பும். அத்தோடு அந்தப் பாட்டு போச்சு. பெண்கள் மேட்னி பார்த்துவிட்டு வந்தால் வசனம் ஒரு வரி சொல்லத் தெரியாது, முந்தியில் ஜரிகை எப்படி ஓடியது என்று தரையில் கோடு போட்டே காட்டுவார்கள். நான் அப்படியில்லை. கரையும் பார்ப்பேன், வசனமும் மனப்பாடம். எந்தப் படத்தில் கதாநாயகி எந்த இடத்தில் "போங்க" என்றாள், எந்த இடத்தில் "போவாதீங்க" என்றாள் என்று கேட்டால் தறியில் உட்கார்ந்தபடியே சொல்வேன்.

அப்போது எனக்குச் சொந்தத் தறி இல்லை. கூலிக்கு நெய்தேன். தறி வைத்திருந்தவரை ஊர் முறைக்கு மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு மூன்று தறி, ஒரே பெண். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாகச் சேர்க்கிற கோர்வைப் புடவை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். உடலையும் இடது கரையையும் நெசவாளி பார்த்துக்கொள்வான். வலது கரைக்கு இன்னொருத்தர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இழைக்கும் அந்தக் கரையின் இழை சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். என் தறியில் அந்த இடத்தில் உட்கார்ந்தவள் மாமாவின் பெண்.

காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை ஒரு முழ தூரத்தில் இருப்போம். பேச்சு கிடையாது. பின்னாடித் தறியில் மாமா. திரும்பி அவள் முகத்தைப் பார்க்கலாம் என்றால் இழை தப்பும். இழை தப்பினால் கரையும் உடலும் சேருகிற இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மாமா சாயங்காலம் அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்.

ஒரு நாள் மாமா ஜரிகை வாங்கப் போயிருந்தார். "சொந்தமா ஒரு தறி போடணும். போட்டா அந்தக் கரைக்கு ஆளு யாருன்னுதான் தெரியல" என்றேன், யாரிடமோ சொல்வதுபோல.

அவள் கையை நிறுத்தவில்லை. "அந்தக் கரையில நான் உக்காந்தா நீங்க திரும்பிப் பாக்கவே வேணாம். நாடா வந்து சேரும்" என்றாள்.

எத்தனையோ கதாநாயகிகள் எத்தனையோ பேசிக் கேட்டவன் நான். இப்படி ஒன்றை எந்தக் கொட்டகையிலும் கேட்டதில்லை. இரண்டு விரற்கடை நெய்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

அந்த வருஷம் மதராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. கதாநாயகன் நெசவாளி, கதாநாயகி தறிக்காரர் மகள். எங்கள் கதைதான், எழுதினவருக்குத் தெரியாது. வெளிச்சத்துக்கு ஓடு பிரிக்கச் சம்மதிக்கிற வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள். மாமா சினிமாப் பைத்தியம், சம்மதித்தார். ஆனால் பிரித்த ஓடுகளைத் தானே காவல் காப்பேன் என்று கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கதாநாயகன் தறிக் குழியில் காலை விட்டார். நல்ல சிவப்பு, நல்ல மனுஷன், ஆனால் காலுக்கும் கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மிதிக்க வேண்டிய நேரத்தில் நாடாவை வீசினார், வீச வேண்டிய நேரத்தில் மிதித்தார். நாடா பறந்துபோய் மேக்கப்காரர் டீ கிளாசில் விழுந்தது.

"காஞ்சிபுரத்துல இந்தப் படம் ஒரு நாள் ஓடாது சார்" என்றேன்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றினார். "நீ யாருப்பா?"

"இந்தத் தறி ஓட்றவன்."

"அப்ப நீயே ஓட்டு."

இப்படித்தான் என் காலும் கையும் சினிமாவில் வந்தது. முகம் அவருடையது, மிதிக்கிற கால், வீசுகிற கை என்னுடையது. மேக்கப்காரர் என் காலுக்குப் பவுடர் போட்டுப் போட்டு ஓய்ந்தார். இடது கட்டைவிரல் நகம் பலகை விழுந்து கறுத்துப்போனது, அது மட்டும் எதற்கும் மசியவில்லை.

பிறகு வசனம். கதாநாயகி நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கதாநாயகன் கண்ணையே பார்த்து, நிலா, தாமரை, கடல் என்று ஒரு பக்கத்துக்குப் பேச வேண்டும். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"இன்னாத்துக்குச் சிரிக்கிற?" என்றார் டைரக்டர்.

"தறியில உக்காந்துக்கினு யாரு சார் மூஞ்சியப் பாக்கறது? இவங்க நிலாவ முடிக்கறதுக்குள்ள கரை கோணிக்கும்."

"சரிப்பா, இங்க உக்கார்ற பொண்ணு வேற என்னதான் சொல்லுவா?"

அவ்வளவு பேர் நடுவில், மதராஸ்காரர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே. வசனம் எழுதுகிறவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நிலா, தாமரை எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடித்தார்.

சமையலறைக் கதவோரம் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அதில் அவளும் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது.

மறுநாள் தறியில் நாடா வந்து சேர்ந்தது, ஆனால் கல் வந்து விழுகிற மாதிரி. மூன்று நாள் அப்படி. நாலாம் நாள், மாமா தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில், "உங்களுக்குன்னு சொன்னத ஊருக்கே குடுத்துட்டீங்க. நைனாவுக்குத் தெரிஞ்சா உங்களுக்கு இந்தத் தறியும் இல்ல, நானும் இல்ல" என்றாள்.

அவர் கூரைமேல் இருந்தார், கேட்டிருக்க மாட்டார் என்று சமாதானம் சொன்னேன். "படம் பாக்கச்சொல்ல எங்க உக்காந்திருப்பாரு?" என்றாள். அதை நான் யோசிக்கவே இல்லை.

படம் காஞ்சிபுரத்துக்கு வர ஏழெட்டு மாதம் ஆனது. வராமலே போனால் தேவலை என்று ஏகாம்பரநாதருக்கே விண்ணப்பம் போட்டேன். வந்துவிட்டது. அமாவாசைக்குத் தறி ஓடாது, எனவே அன்றைய மேட்னிக்குத் தெருவே கிளம்பியது. மாமா வெள்ளை வேட்டி கட்டி, தன் வீடு திரையில் வரப்போகிற மிதப்பில், என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் அவள்.

இடைவேளைக்கு அப்புறம் தறி வந்தது. மிதிக்கிற கால் வந்தது.

"யோவ், அந்த நகத்தப் பாருய்யா. நம்ம பையன் காலு" என்று பின்னால் ஒருத்தர் கத்தினார்.

"மூஞ்சி செவப்பு, காலு கறுப்பு. கதாநாயகனுக்குப் பாதி சாயந்தான் ஏறிச்சா?"

கொட்டகையே சிரித்தது. ஆனால் அது கேலிச் சிரிப்பில்லை. கால் சரியாக ஓடியது, நாடா சரியாகப் போனது, குறை சொல்ல ஒருத்தருக்கும் இடமில்லை. என் முதுகில் எத்தனை தட்டு விழுந்தது என்கிறீர்கள்.

அப்போது கதாநாயகி, தலை நிமிராமல், அந்த இரண்டு வரியைச் சொன்னாள். சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அதற்கப்புறம்தான் விசில். மாமா விசிலடிக்கவில்லை. திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கதையின் மீதி எதுவும் ஏறவில்லை. இன்றைக்கும் அந்தப் படத்தின் முடிவை யாராவது சொன்னால்தான் உண்டு.

மறுநாள் காலை தறியில் உட்காரப் போனவனை நிறுத்தினார்.

"அந்த வசனம் யாரு சொன்னது?"

"படத்துக்கு எழுதினவரு மாமா."

"அவரு தறியில உக்காந்தவரா?"

"இல்ல."

"அது வலது கரையில உக்காந்தவ சொன்ன வார்த்தடா. அம்பது வருசமா தறியோட கெடக்கறவன் நான், எங்கிட்டயே கதை உட்றியா?"

நான் தரையைப் பார்த்தேன். அவள்தான் உள்ளிருந்து வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "நான்தான் சொன்னேன் நைனா. இப்பவும் அதத்தான் சொல்லுவேன்" என்றாள்.

மாமா தறிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். "இவ போயிட்டா எனக்கு அந்தக் கரைக்கு ஆளு யாருடா?" என்றார்.

எங்கள் பக்கம் எத்தனையோ பெண்களின் கல்யாணம் இந்த ஒரு கேள்வியால்தான் தள்ளிப் போயிருக்கிறது. வெளியே யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சொந்தத் தறி என்று நான் கட்டிவைத்த கனவு முன்னால் நின்றது. "ரெண்டு வருசம் நாங்க ரெண்டு பேரும் உங்க தறியிலயே உக்கார்றோம் மாமா. அதுக்குள்ள வேற ஆளப் பழக்கித் தர்றேன். அப்பறம் என் தறி" என்றேன்.

"ரெண்டு இல்ல, மூணு" என்றார்.

"ரெண்டரை நைனா" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவையை நானும் அவளும் சேர்ந்தே நெய்தோம். ஊரில் வேறு எந்தக் கதாநாயகி தன் கல்யாணப் புடவையின் கரையைத் தானே போட்டிருக்கிறாள், சொல்லுங்கள்.

அந்த வசனம் அப்புறம் ஊரை ஒரு ஆட்டு ஆட்டியது. சைக்கிளில் போகிற பையன்கள் சொன்னார்கள், கல்யாண வாழ்த்து மடலில் அச்சடித்தார்கள். இப்போது டிவியில் பழைய காதல் வசனங்கள் என்று நிகழ்ச்சி வைத்து, எழுதினவருக்கு எப்பேர்ப்பட்ட கற்பனை என்று புகழ்கிறார்கள். கேட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. என் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வருகிறது. "வசனம் என்னுது, காலு உங்களுது, அவருக்கு இன்னா பங்கு?" என்கிறாள்.

அவள் கணக்கு நியாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருந்தால் அங்கே நிலாவும் தாமரையும்தான் பேசியிருக்கும். ஆகவே, அந்தக் காட்சியைப் பற்றி இனிமேல் பேசுகிறவர்கள், எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்: முதலில் பிள்ளையார்பாளையத்துப் பெண் ஒருத்தியைச் சொல்லுங்கள். அடுத்த வரியிலேயே, ஒட்டினாற்போல, என்னைச் சொல்லுங்கள். கதாநாயகனையும் எழுதினவரையும் அதற்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.