அம்மா துடைத்த வால்வுகள்

காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டில் வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அந்த மூலையில் நியாயப்படி என் படிப்பு மேஜை இருந்திருக்க வேண்டும். இருந்ததோ அப்பாவின் கிடார் ஆம்ப், கிடார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி. கோலார் தங்கவயல் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது அப்பாவிடம் விட்டுவிட்டுப் போன பழைய வால்வு ஆம்ப் அது. நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். ஏழாவது படித்த நான் கட்டிலில் குப்புறப் படுத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் அதற்குச் சேவகம் தொடங்கிவிடும். அப்பா பின்பலகையைக் கழற்றுவார். நான் டார்ச் பிடிக்க வேண்டும். உள்ளே குட்டி பல்புகள் போல வால்வுகள் நிற்கும். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் மங்கலாக ஏதோ எழுத்து அச்சடித்திருக்கும். ஆம்ப்பைப் போட்டுவிட்டு, அது சூடேறும்வரை காத்திருந்து, ஒவ்வொரு வால்வையும் பென்சிலால் தட்டி ஸ்பீக்கரில் கரகரப்பு வருகிறதா என்று கேட்பார். கூடவே வாராவாரம் அதே பாட்டு.

"கண்ணாடி மேல யாரும் கை வெக்காதீங்க. அந்த எழுத்து லேசா தேய்ச்சாலே போயிடும். போச்சுன்னா அது எந்த வால்வு, எங்க செஞ்சதுன்னு எவனும் சொல்ல முடியாது."

எங்கள் வீட்டுக் காக்காய்கூட அதை ஒப்பித்திருக்கும்.

அம்மாவுக்கும் அந்தப் பெட்டியைக் கண்டால் ஆகாது. ஜன்னல் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைக்கிற ஆள் அவள். "இந்தப் பொட்டி போனாத்தான் எனக்கு விடிவு காலம்" என்பாள். அப்பா கிடார் வயரை ஆம்ப்பில் செருகினால் "ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். ஆனால் அவர் முடிக்கும்வரை மிக்ஸியை மட்டும் போடமாட்டாள். போட்டால் ஆம்ப் உறுமும். சட்னி அரைபடாமல் கிடக்கும். நான் பசியோடு கிடப்பேன்.

ஒருநாள் மேஜை கேட்டு அழுது அடம்பிடித்தேன். அப்பா, "சரி பாப்பா, யாருக்காவது குடுத்துடலாம்" என்றார். பழைய ஆம்ப்களைத் தேடி வாங்கும் கோரமங்களா ஐடிக்காரர் ஒருவர் போனில் படம் பார்த்தார். வால்வுகளில் உள்ள எழுத்தை நேரில் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார். இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று மழைக்காலம் முழுக்க இழுத்தடித்தார்.

அதுவரை அப்பா ஆம்ப்பைத் திறக்கவும் இல்லை, கிடாரைத் தொடவும் இல்லை. குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார். "ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று அம்மா கேட்டால், "நல்லாத்தானே இருக்கேன்" என்பார்.

ஒருவழியாக அந்த மனிதர் வந்தார். அப்பா பின்பலகையைக் கழற்ற, நான் டார்ச் அடித்தேன். வந்தவர் குனிந்து பார்த்தார்.

"அங்கிள், ஒண்ணுலயும் எழுத்தே இல்லயே?"

எல்லா வால்வும் கழுவி வைத்த டம்ளர் போல மின்னியது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"வெளி ஆளு வந்து பாக்கப்போறாரேன்னு ஈரத்துணியால தொடச்சேன். இன்னா இப்போ?"

"ஒரிஜினல் வால்வுன்னு நான் எப்படி அங்கிள் நம்பறது? ஸாரி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அப்பா எத்தன வாட்டி சொன்னாரு! ஒனக்கு அறிவே இல்லயாம்மா?" என்று கத்தினேன். அவள் சமையலறைக்குள் போய் மிக்ஸியைப் போட்டாள்.

அப்பாவாவது நாலு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். அவர் ஆம்ப்புக்குள்ளேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவ ஒண்ணும் சொல்லாத" என்று என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அணைத்தார். பிறகு ஆம்ப்பைப் போட்டுவிட்டு, அது சூடேறுவதற்குள் கிடாரை எடுத்து வந்தார். சமையலறையில் மிக்ஸி நின்றது.

டார்ச் அணைவதற்கு முன் நானும் பார்த்திருந்தேன். கண்ணாடிகள் மட்டும்தான் பளபளத்தன. சுற்றியிருந்த தகட்டில் தூசி தடிப்பாகப் படிந்திருந்தது. மூலையில் ஒட்டடைகூடக் கலையவில்லை. எழுத்தை அழித்ததுதான் அழித்தாள், ஒழுங்காகவாவது துடைத்திருக்கக் கூடாதா என்று அன்று முழுக்கக் கட்டிலில் குப்புறப் படுத்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.