காது விரிந்த படம்

காட்டுச் சவாரி ஜீப் ஓட்டும் மற்றவர்கள் அவரைக் காதுக்காரர் என்று கூப்பிடுவார்கள். அவர் ஜீப்பில் போனவர் யாரும் காது விரித்த யானைப் படம் இல்லாமல் திரும்பியதில்லை. புல் மேய்கிற யானையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கேமராக்காரர்களுக்கு வேண்டியது காதை விரித்து நேரே முறைக்கிற யானை. அதற்கு அவர் கைவசம் ஒரு வித்தை இருந்தது. காலால் செய்கிற வித்தை.

குளக்கரையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். கிழிந்த காதுள்ள பெண் யானை குட்டியோடு வரும். மற்ற யானைகள் சத்தம் கேட்டால் நடையைக் கட்டிவிடும். குட்டி கூட இருப்பதால் இது மட்டும் நிற்கும். வண்டியைக் கிளப்பி, கிளட்சை அமுக்கிக்கொண்டு, ஆக்ஸிலேட்டரில் ஒரே மிதி. வண்டி நகராமல் உறுமும். யானை காதை விரித்து நாலு எட்டு ஓடிவந்து நிற்கும். படம் விழுந்ததும் ரிவர்ஸில் நழுவிவிடுவார். மூன்று வருடமாக இதே பாடம். அதைப் படித்துக்கொண்டிருந்தது யானை என்பது மனுஷன் மண்டையில் ஏறவே இல்லை.

மச்சினன் கால் உடைந்த பிறகுதான் ஏறியது. மனைவியின் தம்பி வனத்துறையில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். குளத்து மேட்டில் அவன் வண்டி உறுமியது. அன்றைக்கு யானை நாலு எட்டோடு நிற்கவில்லை.

"ஹாரன்கூட அடிக்கல மாமா," என்றான் ஆஸ்பத்திரிக் கட்டிலில். "மேட்டுல கியர் மாத்தினேன், அவ்வளவுதான். எம்மேல அதுக்கு என்ன கோபம்?"

அவர் ஆரஞ்சு உரித்தார். மூன்று பழம் உரித்தும் யாருக்கும் கொடுக்கவில்லை.

"அந்தச் சனியனப் புடிச்சு அடைக்கணும்," என்றாள் மனைவி. அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் வன அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் அதே யானை, காது விரித்து, பெரிதாக, சட்டம் போட்டு. காதுக்காரர் ஜீப்பிலிருந்து எடுத்ததுதான்.

"அதை அதிகமாப் பாத்தவர் நீங்க. யாராச்சும் சீண்டியிருந்தா காட்டுலயே விட்டுடலாம். சும்மா இருக்கும்போதே பாய்ஞ்சிருந்தா, புடிச்சு மரக்கூண்டுல போடணும். நீங்க சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும். வீட்டில் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

"அதுக்கு எப்பவுமே முன்கோபம் சார்," என்றார். எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். வெட்கங்கெட்ட கையெழுத்து, ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மயக்க ஊசி போட்டு, நாலு காலையும் கட்டி, யானையை லாரியில் ஏற்றினார்கள். குட்டி மரங்களுக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது. மச்சினனும் ஊன்றுகோலோடு அவர் பக்கத்தில் நின்றான்.

லாரிச் சக்கரம் சேற்றில் சுற்றியது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தார்.

பாதி மயக்கத்திலிருந்த யானை காதை விரித்தது. முன்கால் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தது.

"காதுக்காரரே, இங்கயும் உங்க ராசிதான்!" என்று ஒருத்தன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

மச்சினன் சிரிக்கவில்லை. லாரியைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"எஞ்சின் சத்தத்துக்கா மாமா?"

"நான்தான்டா பழக்கினேன்," என்றார்.

லாரி சேற்றைவிட்டு ஏறிப் போய்விட்டிருந்தது.